ஜனாதிபதியைத் தெரிவு செய்யும்போது: குணமா? வசீகரமா? கொள்கையா?

மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனால் அவன் ஊர், உறவு, உழைப்பு, பழக்கவழக்கம் யாவற்றையும் நாலு பேரிடம் விசாரித்த பின்னரே வாய் திறக்கிறோம். ஆனால் நாடு முழுவதையும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருவர் கையில் ஒப்படைக்கும் நாளில் எதை விசாரித்தோம் என்று கேட்டால், நம்மில் பலருக்குப் பதில் இல்லை. "எல்லோரும் அவருக்குத்தான் போடுகிறார்கள்." "அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்." "மற்றவர் வரக்கூடாது, அதனால் இவர்." நம் பதில்களில் பெரும்பாலானவை இம்மூன்றுக்குள் அடங்கிவிடும்.

தேர்தல் நெருங்கிய பின் இப்பாடத்தைப் படிக்க இயலாது. ஒலிபெருக்கியும் சுவரொட்டியும் கைத்தொலைபேசியில் வரும் காணொளிகளும் அப்போது நம் காதையும் கண்ணையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஆரவாரம் இல்லாத நேரத்தில் அமைதியாக இருந்து சிந்திப்போம்.

இப்பதவி எத்தகையது?

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதிப் பதவியை நிலைநாட்டியது. 1982 ஒக்டோபர் 20 முதல் 2024 செப்டெம்பர் 21 வரை ஒன்பது தடவை நம் நாட்டு மக்கள் நேரடியாக ஜனாதிபதியைத் தெரிவு செய்துள்ளனர். பாராளுமன்றத்தில் உறுப்பினர் 225 பேர். ஒருவர் தவறினால் மற்றவர் திருத்தலாம். ஜனாதிபதி ஒருவரே. முப்படைகளின் தளபதி அவர். அமைச்சரவையின் தலைவர் அவர். அவசரகால நிலையைப் பிரகடனம் செய்பவரும் அவர். இடையில் அவரை நீக்க வேண்டுமாயின் பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் உயர் நீதிமன்ற விசாரணையும் வேண்டும். ஆகவே கொடுத்த பின் திருப்பி வாங்குவது மிகக் கடினம். அப்படிப்பட்ட பொருளைக் கொடுக்குமுன் ஆளை நிறுத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

நிறுப்பதற்கு மூன்று படிக்கற்கள் உண்டு: குணம், வசீகரம், கொள்கை. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

குணம்

படுவான்கரையில் வட்டைவிதானையைத் தெரிவு செய்யும் கமக்காரர்கள் என்ன பார்ப்பார்கள்? அவர் நன்றாகப் பேசுவாரா என்றா பார்ப்பார்கள்? வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் பெரிய போடியாரின் வயலுக்கும், கடைசியில் இருக்கும் ஏழையின் அரை ஏக்கருக்கும் ஒரே நியாயத்துடன் தண்ணீர் விடுவாரா என்றுதான் பார்ப்பார்கள். மழை நிறையப் பெய்த ஆண்டில் இது தெரியாது. உன்னிச்சைக் குளத்தில் நீர் குறையும் ஆண்டில்தான் தெரியும். ஒருவரின் குணமும் அப்படியே. அதிகாரம் கையில் இருக்கும்போது, தன்னைத் தடுக்கும் எல்லையை அவர் மதித்தாரா, உடைத்தாரா என்பதில் அது வெளிப்படும்.

யாத்திராகமத்தில் மோயீசனின் மாமனார் அவருக்குச் சொன்ன ஆலோசனையை நாம் அறிவோம். மக்களுக்குத் தலைவர்களாகத் திறமையும் தெய்வபயமும் உண்மையும் உள்ளவர்களை, இலஞ்சத்தை வெறுப்பவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். அந்நான்கில் திறமையும் ஒன்று என்பதைக் கவனிக்கவும். நல்லவர் என்பது மட்டும் போதாது என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

நம் நாட்டு வரலாற்றைப் பார்ப்போம். திரு. ஜே. ஆர். ஜெயவர்த்தனா 1977 இல் தர்மிஷ்ட சமுதாயம் அமைப்பதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்தார். அனுபவம், கல்வி, சாதுரியம் யாவும் அவரிடம் இருந்தன. ஆனால் 1980 ஒக்டோபரில் அவருடைய பிரதான அரசியல் எதிரியான திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. அதனால் 1982 தேர்தலில் அம்மையார் போட்டியிட இயலவில்லை. அத்தேர்தலில் 52.91 வீத வாக்குகளுடன் வென்ற ஜனாதிபதி, இரண்டு மாதங்களில், டிசெம்பர் 22 ஆம் திகதி, பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வஜன வாக்கெடுப்பை நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்தார். 1977 யூலையில் பாராளுமன்றத்தைத் தெரிவு செய்த மக்களுக்கு அடுத்த வாய்ப்பு 1989 பெப்ரவரியில்தான் கிடைத்தது. 1982 ஒக்டோபரில் வாக்களிக்கச் சென்றவர் 1980 இல் நடந்ததை நினைத்துப் பார்த்திருந்தால், டிசெம்பரில் நடந்தது அவருக்கு வியப்பளித்திராது. முன்னர் செய்ததே பின்னர் செய்வதற்குச் சாட்சி.

குணம் என்றதும் எளிமையை மட்டும் நினைப்பதும் ஆபத்தே. 2015 ஜனவரி 8 இல் திரு. மைத்திரிபால சிறிசேன பொலனறுவைக் கமக்காரக் குடும்பத்து எளிய மனிதராக நம்முன் வந்தார். மட்டக்களப்பு மாவட்டம் நூற்றுக்கு எண்பதுக்கும் மேலான வாக்குகளை அவருக்கு அள்ளிக் கொடுத்தது. நீதியாகப் பேசினால், அவர் செய்த நன்மையை மறுக்க முடியாது. அவ்வாண்டு நிறைவேறிய 19 ஆவது திருத்தம் ஜனாதிபதியின் பதவிக்காலத்தை ஆறிலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் குறைத்தது. ஒருவர் இரு தடவைக்கு மேல் பதவி வகிக்க முடியாது என்ற விதியை மீட்டது. தன் அதிகாரத்தைத் தானே குறைக்க இணங்குவது சிறிய காரியமன்று. ஆனால் அதே மனிதர் 2018 ஒக்டோபரில் பிரதமரை நீக்கினார். நவம்பரில் பாராளுமன்றத்தைக் கலைத்தார். அக்கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று டிசெம்பர் 13 ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதன் பின் வந்தது 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், நமது நகரின் சீயோன் தேவாலயத்திலும் நடந்தவற்றை இங்கு மீண்டும் விவரிக்க வேண்டியதில்லை. தாக்குதல் வரப்போகிறது என்ற புலனாய்வுத் தகவல் அம்மாதத் தொடக்கத்திலேயே நாட்டுக்குக் கிடைத்திருந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், மக்களைக் காக்கும் கடமையில் முன்னாள் ஜனாதிபதி தவறினார் என்று தீர்ப்பளித்து, 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு அவருக்குக் கட்டளையிட்டது. கோப்பைத் திறந்து பார்ப்பது, கூட்டத்தைக் கூட்டுவது, எச்சரிக்கையை உரியவருக்கு அனுப்புவது ஆகிய சலிப்பூட்டும் சிறு வேலைகளைத் தவறாமல் செய்யும் கடமையுணர்வும் குணத்தின் ஒரு பகுதி என்பதை நம் ஊர்ப் பிள்ளைகளின் கல்லறைகள் நமக்குக் கற்பிக்கின்றன.

வசீகரம்

ஒருவர் மேடையேறினால் கூட்டம் தானாகச் சேர்கிறது. அவர் சிரித்தால் சனங்களும் சிரிக்கின்றனர். இதை வசீகரம் என்கிறோம். மேல்நாட்டார் இதற்குக் 'காரிஸ்மா' என்று பெயரிட்டனர். அது கிரேக்கச் சொல். அருளாகக் கிடைத்த வரம் என்பது அதன் பொருள். புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதும்போது, இவ்வரங்கள் யாவும் சபையின் பொது நன்மைக்காகவே அளிக்கப்படுகின்றன என்று விளக்குகிறார். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மாக்ஸ் வெபர் என்ற ஜெர்மானிய அறிஞர் இச்சொல்லை அரசியலுக்குக் கொண்டுவந்தார். வரம் என்ற பொருளை மறவாதிருந்தால் நமக்குக் குழப்பம் வராது. நல்ல குரல் வளம் ஒரு வரம். ஆனால் நன்றாகப் பாடுபவர் எல்லாரும் நேர்மையானவர் என்று நாம் சொல்வதில்லை.

வசீகரத்தை முற்றாக ஒதுக்கவும் கூடாது. கடினமான முடிவை மக்கள் ஏற்கச் செய்ய அது வேண்டும். 1994 நவம்பர் 9 இல் திருமதி சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க 62.28 வீத வாக்குகளைப் பெற்றார். இவ்வொன்பது தேர்தல்களில் அதுவே மிக உயர்ந்த வீதம். பெற்றோர் இருவரும் பிரதமர்களாக இருந்தவர்கள். கணவர் 1988 இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். அத்தகைய ஒருவர் சமாதானம் என்ற சொல்லைச் சிங்கள மேடைகளிலேயே துணிந்து உச்சரித்தார். கேட்ட மக்கள் கை தட்டினர். அது வசீகரத்தின் நன்மை.

ஆனால் அதே வசீகரம் நம்மைக் கேள்வி கேட்க விடவில்லை. நிறைவேற்று ஜனாதிபதிப் பதவியை 1995 யூலை 15 ஆம் திகதிக்குள் ஒழிப்பதாக அவர் வாக்குறுதி அளித்தார். அரசியலமைப்பை மாற்றப் பாராளுமன்றத்தில் 150 பேர் வேண்டும். 1994 ஓகஸ்டில் அவரது கூட்டணி பெற்ற ஆசனங்களோ 105. மீதி எங்கிருந்து வரும் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? 1995 ஏப்ரலில் போர் மீண்டும் மூண்டது. யூலை 15 உம் வந்து போனது. பதவி அப்படியே இருந்தது. 2005 நவம்பர் வரை அவரே அதில் அமர்ந்திருந்தார்.

கொள்கை

தேர்தல் விஞ்ஞாபனம் என்ற புத்தகத்தைப் பலர் அட்டைப்படத்துடன் மூடிவிடுகின்றனர். அதன் உள்ளே இருப்பது நம் வீட்டுச் சோற்றுப்பானையைத் தொடும் விஷயம்.

2019 நவம்பர் 16 இல் திரு. கோட்டாபய ராஜபக்ஷ 52.25 வீத வாக்குகளுடன் வென்றார். உயிர்த்த ஞாயிறின் காயம் ஆறாத அந்நேரத்தில், சொன்னதைச் செய்பவர், பாதுகாப்புத் தருபவர் என்ற தோற்றமே அவருடைய வசீகரம். விஞ்ஞாபனத்தில் வரிக் குறைப்பு இருந்தது. அதை அவர் நிறைவேற்றினார். டிசெம்பர் முதலாம் திகதியே பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைந்தது. குறைந்த வரிக்கு ஈடாகத் திறைசேரியை எதனால் நிரப்புவது என்ற கேள்விக்குத்தான் விடையில்லை. அதே விஞ்ஞாபனம் சேதனப் பசளைக்கு மாறுவதற்குப் பத்து ஆண்டுகளைக் குறித்திருந்தது. ஆனால் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டது. அப்போகத்தில் மஞ்சளித்த வயல்களை எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. யூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறிப் பதவி துறந்தார்.

இங்கே இரு பாடங்கள் உள்ளன. வரி விஷயத்தில் சொன்னதைச் செய்தார். சொன்னதே கேடாக இருந்தது. பசளை விஷயத்தில் சொன்ன காரியத்தைச் சொன்ன விதத்தில் செய்யவில்லை. தன்னுடன் உடன்படாத அறிஞர்களையும் கமக்காரர்களையும் கேட்கவில்லை. முன்னையது கொள்கையின் குறை. பின்னையது குணத்தின் குறை. கொள்கையைத் தாளில் எழுதலாம்; அதைத் தாங்குவது எழுதியவரின் பொறுமையும் பணிவுமே.

எனவே எந்த வாக்குறுதியைக் கேட்டாலும் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். எப்போது? எந்தச் சட்டத்தால்? யாருடைய பணத்தால்? இதனால் நட்டப்படுபவர் யார்? தமிழ் மக்களாகிய நமக்கு ஐந்தாவது கேள்வியும் உண்டு. மட்டக்களப்பு மேடையில் தமிழில் சொன்னதை, அனுராதபுர மேடையில் சிங்களத்திலும் சொன்னாரா? மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையைப் பற்றியோ, காணாமற்போனோரைப் பற்றியோ, மாகாண சபை அதிகாரத்தைப் பற்றியோ கல்லடிப் பாலத்துக்கு இப்பால் ஒரு பேச்சும் அப்பால் ஒரு மௌனமுமாக இருப்பவரின் வாக்குறுதியை, எழுதாத காசோலையாகவே கருத வேண்டும்.

எதை முதலில் வைப்பது?

மூன்றையும் ஒரே தட்டில் கொட்டி நிறுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் வசீகரமே எப்போதும் வெல்லும். அது கண்ணுக்கு முதலில் தெரிவது. ஆகவே ஒரு வரிசை வேண்டும்.

முதலில் குணத்தை வாசற்கதவாக வையுங்கள். முன்னர் வகித்த பதவியில் அதிகார எல்லையை உடைத்தவர், பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்டாதவர், ஓர் இனத்தையோ மதத்தையோ பகையாக்கி வாக்குத் தேடுபவர் அவ்வாசலைத் தாண்டக்கூடாது. தாண்டி வந்தவர்களின் கொள்கைகளை மேலே சொன்ன கேள்விகளால் நிறுத்துப் பாருங்கள். அதிலும் இருவர் சமமாக நின்றால், அப்போது வசீகரத்தைப் பாருங்கள். மக்களைக் கூட்டிச் செல்லும் ஆற்றல் யாருக்கு அதிகம் என்று கேளுங்கள். கதவைத் தாண்டக்கூடியவர் எவருமே இல்லை என்று தோன்றினால்? மனிதரில் நிறைவானவர் இல்லை. அந்நிலையில் யாருடைய குறை நாட்டுக்கும் எளியோருக்கும் குறைந்த கேட்டை விளைவிக்கும் என்று பார்ப்பதே விவேகம்.

நம்மிடம் உள்ள ஒரு பழக்கம்

ஒன்றை ஒளிக்காமல் பேசுவோம். நம் மாவட்டத்தில் நாம் பல தடவை ஒருவருக்காக வாக்களித்ததைவிட மற்றொருவருக்கு எதிராகவே வாக்களித்திருக்கிறோம். போர் முடிந்து ஓராண்டும் ஆகாத 2010 ஜனவரியில், அப்போரில் இராணுவத் தளபதியாயிருந்த திரு. சரத் பொன்சேகாவுக்கே மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரும்பான்மை வாக்குகள் விழுந்தன. அவர்மீது கொண்ட அன்பினாலா? அன்று. கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதை யாரும் பழிக்க முடியாது. எனினும் கோபம் யார் வேண்டாம் என்பதைச் சொல்லும். யார் வேண்டும் என்பதைச் சொல்லாது.

வாக்களியாதிருப்பதும் ஒரு முடிவே. 2005 நவம்பரில் புலிகளின் பகிஷ்கரிப்பினால் வடக்கின் பெரும் பகுதியில் வாக்களிப்பு நடக்கவில்லை என்றே சொல்லலாம். அத்தேர்தலில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலிருந்த வித்தியாசம் சுமார் 1,80,000 வாக்குகளே. நாம் தராசை விட்டு விலகி நின்றாலும் அது ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

1, 2, 3

நம்மில் பலர் பயன்படுத்தாத ஓர் உரிமை வாக்குச் சீட்டிலேயே உண்டு. ஜனாதிபதித் தேர்தலில் முதல் விருப்பை 1 என்றும், அடுத்த விருப்புகளை 2, 3 என்றும் குறிக்கலாம். எவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால், முதல் இருவர் மட்டும் எஞ்சுவர். மற்றையோருக்கு விழுந்த சீட்டுகளில் அவ்விருவரில் ஒருவருக்கு இரண்டாம் விருப்பு இருந்தால் அது அவருக்குச் சேரும். இல்லையேல் மூன்றாம் விருப்பைப் பார்ப்பர்.

2024 இல்தான் இது முதன்முறையாக நடந்தது. முதற் கணக்கில் திரு. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதமும் திரு. சஜித் பிரேமதாச 32.76 வீதமும் பெற்றனர். மற்றையோருக்கு விழுந்தவை சுமார் 33 இலட்சம் சீட்டுகள். அவற்றில் இவ்விருவருக்கும் விருப்பாக வந்து சேர்ந்தவை சுமார் 2,73,000 மட்டுமே. ஏனைய 30 இலட்சம் வரையான சீட்டுகள் இறுதித் தெரிவில் வாய் பேசவில்லை.

அத்தேர்தலில் நம் மாவட்டத்தவரான திரு. பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்றார். அவருக்குப் போடுவது நம் இனத்தின் குரல் என்றனர் சிலர். போட்டால் வீண் என்றனர் வேறு சிலர். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் இருந்ததும் உண்டு. ஆனால் மனச்சாட்சி காட்டுபவருக்கு 1 இட்டு, வெல்லக்கூடியவர்களில் ஏற்கத்தக்கவருக்கு 2 இட்டிருந்தால், இருவர் வாதத்துக்கும் ஒரே சீட்டில் இடம் இருந்திருக்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: விருப்பு வரிசையைக் காட்டுவதானால் இலக்கங்களாலேயே காட்ட வேண்டும். புள்ளடியையும் இலக்கத்தையும் கலந்தால் சீட்டு நிராகரிக்கப்படும்.

வீட்டில் பிரிவினை வேண்டாம்

யாருக்கு வாக்களிப்பது என்று இப்பத்திரிகை சொல்லாது. உங்கள் பங்குக் குருவும் சொல்லக்கூடாது. வாக்களிப்பது குடிமக்களின் உரிமை மாத்திரமன்றி, பொது நன்மைக்காக ஆற்றவேண்டிய கடமையும் ஆகும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் போதித்தது. ஒரே விசுவாசத்தைக் கொண்ட கிறிஸ்தவர்கள் அரசியலில் வெவ்வேறு முடிவுகளுக்கு வரலாம் என்பதை 1971 இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் ஏற்றுக்கொண்டார். ஆகவே தந்தையின் சீட்டும் மகளின் சீட்டும் வேறுபட்டால் அது பாவமன்று. இருவரும் நிறுத்துப் பார்த்தார்களா என்பதே கேள்வி.

குடும்பமாகவோ இளைஞர் சங்கத்திலோ கூடிக் கலந்துரையாடப் பின்வரும் வினாக்கள் உதவும்:

1. இவ்வேட்பாளர் முன்னர் வகித்த பதவியில், தன் அதிகாரத்தின் எல்லையை எப்படி நடத்தினார்? ஒரு சம்பவத்தைச் சொல்ல முடியுமா?

2. அவருடைய ஒரு வாக்குறுதியை எடுத்துக்கொள்வோம். எப்போது, எந்தச் சட்டத்தால், யார் பணத்தால், யாருக்கு நட்டமாக அது நிறைவேறும்?

3. அவரைப் பிடிக்கிறது என்று சொல்லும்போது, அவருடைய பேச்சையும் தோற்றத்தையும் நீக்கிவிட்டால் எஞ்சும் காரணம் என்ன?

4. நமக்குச் சொன்னதை மற்ற இனத்தவருக்கும் சொன்னாரா?

5. நம் இரண்டாம் விருப்பு யாருக்கு? ஏன்?

வினாக்களுக்கு விடை தேடும்போது வட்டைவிதானையை மறக்க வேண்டாம். நாட்டின் வாய்க்காலில் நாம் பெரும்பாலும் கடைசி வயற்காரர். தலைப்பில் இருப்பவருக்கு எந்த விதானை வந்தாலும் தண்ணீர் கிடைக்கும். ஆளைப் பார்த்துத் தெரிவு செய்யவேண்டிய அவசியம் கடைசி வயற்காரருக்கே அதிகம்.